பத்து நிமிட மாமணி

நெருப்பைக் கண்டுபிடித்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. மனித குலத்தின் நன்றிகெட்டதனத்துக்கு அது ஒரு சான்று. ஆனால் அந்த நெருப்பைப் பற்றவைத்த பத்தாவது நிமிடத்தில் அணைத்துவிட்டுக் குடும்பத்தோடு சாப்பிட உட்காரலாம் என்று கண்டுபிடித்த மகானின் பெயரும் முகவரியும் நல்லவேளையாக நம்மிடம் இருக்கின்றன. திரு. நவநீதன், உரிமையாளர், ஸ்ரீ நவநீதம் பாத்திர மாளிகை, வில்லியனூர் கடைத்தெரு. மாளிகையின் அகலம் எட்டடி.

இந்த மகத்தான கண்டுபிடிப்புக்கு வித்திட்டவர் அவருடைய மனைவி கீதாஞ்சலி. பாவம், தெரியாமல்தான் வித்திட்டார். புதுச்சேரியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை அவருக்கு. காலை எட்டரைக்குப் பஸ் ஏறினால் வீடு திரும்ப ஏழாகும். அரசு எழுத்தர் தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தார். வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. இதை விட்டால் ஆயுள் முழுக்க அடுத்தவர் பட்டுப்புடவைக்குப் பில் போட வேண்டியதுதான். அதனால் ஒருநாள் வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.

"ஏங்க, மூணு மாசம். ராத்திரி ஏழுலேர்ந்து ஒம்பது வரைக்கும் நான் படிக்கணும். டிபன மட்டும் நீங்க பாத்துக்கறீங்களா?"

சாதாரணக் கணவனாக இருந்தால் முடியும் என்றோ முடியாது என்றோ சொல்லியிருப்பான். நவநீதன் குழு அமைத்தார். 'இரவு உணவு நேரச் சுருக்கக் குழு'. தலைவர் நவநீதன், செயலாளர் நவநீதன், ஸ்டாப்வாட்ச் பொறுப்பு ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் யாமினி. கீதாஞ்சலி 'சிறப்பு அழைப்பாளர்'. கூட்டம் நடந்தபோது அவர் சமையல்கட்டில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்ததால் கலந்துகொள்ள இயலவில்லை. வராதது பதிவு செய்யப்பட்டது.

குழு ஒரே அமர்வில் உண்மையைக் கண்டறிந்தது. சமையலுக்கு நேரமே ஆவதில்லை. உரிப்பது, நறுக்குவது, துருவுவது, ஊறவைப்பது, அரைப்பது ஆகியவைதான் நேரத்தைத் தின்கின்றன. இவை சமையலே அல்ல.

"அடுப்பு பத்த வெச்சாத்தான் சமையல். அதுக்கு முன்னாடி நடக்கறதெல்லாம் ஆயத்தம்" என்று தலைவர் விளக்கினார். "ஆயத்தத்த டப்பால போட்டு மூடிட்டா, மீதி பத்தே நிமிஷம்."

கடையிலிருந்து பதினெட்டு எவர்சில்வர் டப்பாக்கள் வந்தன. கூடவே பெயர் வெட்டும் மெஷினும் வந்தது. அந்த வட்டாரத்தில் எந்த வீட்டுக் குடத்தைத் திருப்பிப் பார்த்தாலும் நவநீதனோ அவர் அப்பாவோ வெட்டிய பெயர் இருக்கும். சீர்வரிசைத் தாம்பாளத்தில் மாமன் பெயர், அண்டாவில் 'உபயம்' என்று போட்டு ஒரு பெயர். பாத்திரம் நசுங்கினாலும் வெட்டியது வெட்டியதுதான் என்பது அந்தக் கடையின் வேதம். அந்த மெஷினை எடுத்து ஒரு மூடியில் 'உரித்த பூண்டு' என்று வெட்டினார். அந்தக் கணமே, அவரைப் பொறுத்தவரை, பூண்டு உரிந்துவிட்டது. இப்படியே வெங்காயம் நறுங்கியது, தேங்காய் துருவிக்கொண்டது, உருளைக்கிழங்கு வெந்தது, கொண்டைக்கடலை ஊறியது.

டப்பாவை யார் நிரப்புவது என்று குழு விவாதிக்கவில்லை. அற்ப விஷயங்களுக்கு அதற்கு நேரமில்லை. 'நிரப்புதல்: ஐந்து நிமிடம்' என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதப்பட்டது. யார் அளந்த ஐந்து நிமிடம் என்று அதில் இல்லை.

கீதாஞ்சலி விடிகாலை நாலு மணிக்கு எழுந்து நிரப்பினார். ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் நிரப்பினார். மாலை ஏழு மணிக்கு நவநீதன் கடையை வேலைக்கிருக்கும் பையனிடம் விட்டுவிட்டு வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "யாமினி, ஸ்டார்ட்" என்பார். அடுப்பு பற்றும். டப்பாக்கள் ஒவ்வொன்றாக வாணலியில் கவிழும். ஒன்பது நிமிடம் நாற்பது நொடியில் கிச்சடி. எட்டு நிமிடத்தில் சுண்டல். ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். பதினெட்டு டப்பாவையும் வாணலியையும் அடுப்பு மேடையையும் கழுவுவது யார் என்றால், அடுப்பை அணைத்த பிறகு நடப்பது எதுவும் சமையலின் கீழ் வராது. கீதாஞ்சலி கழுவி முடித்துப் புத்தகத்தைக் கையில் எடுக்கும்போது கண் சொருகும். அவர் படித்ததெல்லாம் மூலக்குளம் சிக்னலில் பஸ் நின்ற நேரத்தில்தான்.

"ஏங்க, நான் படிக்கவே முடியலங்க" என்றார் ஒருநாள்.

நவநீதனுக்கு மனம் புண்பட்டது. "இன்னா கீதா சொல்ற? பத்து நிமிஷத்துல டிபன் முடியுது. ரெண்டு மணி நேரத்துல பத்து நிமிஷம் போனா மீதி எங்க போவுது? நேரத்த வேஸ்ட் பண்றது நீதான்."

அதற்குள் அவர் புகழ் நாலு திசையும் பரவியிருந்தது. ஒதியம்பட்டில் பேசினார். கரியமாணிக்கத்தில் மகளிர் குழுவுக்கு 'பிஸியான குடும்பத்துக்கு எளிய சிற்றுண்டி' என்று இரண்டு மணி நேரம் வகுப்பெடுத்தார். அந்த இரண்டு மணி நேரமும் அங்கிருந்த பெண்களின் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. காட்டேரிக்குப்பத்தில் மட்டும் களை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்த ஒரு பெண் குதர்க்கமாகக் கேட்டாள்.

"கடலைய ஆரு ஊற வெக்கிறது?"

"கடலை தானா ஊறும்மா. ராத்திரி பூரா அதுதான் வேல செய்யிது. நாம இல்ல."

அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். இருவரும் எழுந்து போய்விட்டார்கள். மற்றவர்கள் டப்பா செட் வாங்கிக்கொண்டு போனார்கள்.

இப்படிப்பட்டவரை வணிகர் சங்கம் சும்மா விடுமா? சங்கத் தலைவர் பக்கிரிசாமி, 'பத்து நிமிட இரவு உணவு' மேடைப் போட்டியை அறிவித்தார். பரிசு ஒரு எவர்சில்வர் அண்டா. அதை வழங்குபவர் நவநீதன். போட்டியாளர்களில் முதல்வரும் நவநீதன். பரிசில் வென்றவர் பெயரை வெட்டித் தர வேண்டியவரும் அவரே. நேரத்தின் அருமை தெரிந்தவர் அல்லவா, முந்தின வாரமே 'பத்து நிமிட மாமணி திரு. நவநீதன்' என்று அழகாக வெட்டி வைத்துவிட்டார்.

போட்டி ஞாயிறு காலை பதினோரு மணிக்கு, கல்யாண மண்டபத்தில். கீதாஞ்சலியின் தேர்வு அதே ஞாயிறு காலை பத்து மணிக்கு, லாஸ்பேட்டையில்.

சனிக்கிழமை மாலை பதினெட்டு டப்பாவும் கழுவிக் கவிழ்த்து, சமையல்கட்டில் தயாராக இருந்தன.

"காலையில நிரப்பி வெச்சிடு" என்றார் நவநீதன்.

"நாளைக்கு எனக்குப் பரிச்ச."

"பரிச்ச பத்து மணிக்குத்தான? நாலு மணிக்கு எழுந்தா எல்லாம் முடிஞ்சிடும். ஊரே வந்து பாக்கப் போவுது கீதா. என் மானம் உன் கையில இருக்குது."

கீதாஞ்சலி புத்தகத்தை மூடினார். கோபமாகப் பேசவில்லை. ஒரு சந்தேகம்தான் கேட்டார்.

"டப்பா நிரப்ப எவ்ளோ நேரம் ஆவும்னு மீட்டிங்ல சொல்வீங்க?"

"அஞ்சு நிமிஷம்."

"அப்ப அஞ்சு நிமிஷம் குடுக்கறன்."

மறுநாள் ஏழு மணிக்குக் கீதாஞ்சலி குளித்துப் புறப்பட்டு, பேனாவும் ஹால்டிக்கெட்டும் பையில் வைத்துக்கொண்டு, யாமினியின் கையில் ஸ்டாப்வாட்ச்சைக் கொடுத்தார். டப்பாக்கள் நிரம்பின. நாலு நிமிடம் ஐம்பது நொடி ஆனது. மிச்சமிருந்த பத்து நொடியில் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நவநீதன் டப்பாவைத் திறந்து பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? மூடியில் வெட்டியிருக்கிறதே.

மண்டபம் நிரம்பி வழிந்தது. மற்ற போட்டியாளர்கள் மாமணியின் பெயரைக் கேட்டதுமே விலகிவிட்டதால் மேடையில் அவர் ஒருவர்தான். நடுவர், பஸ் நிறுத்தத்தருகே இட்லிக்கடை வைத்திருக்கும் தையலம்மாள். தினம் இருநூறு பேருக்குச் சமைப்பவர் என்பதால் அவருக்குச் சமையல் பற்றி என்ன தெரியும் என்று நவநீதன் முதலில் ஆட்சேபித்தார். பிறகு பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார்.

"வெஜிடபிள் கிச்சடி, தேங்கா சட்னி, கூடவே சுண்டல். மூணும் பத்து நிமிஷத்துல" என்று மைக்கில் முழங்கினார். "யாமினி, ஸ்டார்ட்."

அடுப்பு பற்றியது. எண்ணெய் காய்ந்தது. 'நறுக்கிய வெங்காயம்' வாணலியில் கவிழ்ந்தது. மூன்று முழு வெங்காயம், தோலோடு, வாலோடு, உருண்டு ஓடி ஒன்று மேடையை விட்டே கீழே விழுந்தது.

நவநீதன் மூடியை எடுத்துப் படித்தார். சரியாகத்தான் வெட்டியிருந்தது. 'உரித்த பூண்டு' திறந்தார். உரிக்காத பூண்டு. 'துருவிய தேங்காய்' திறந்தார். அரைமூடித் தேங்காய், ஓட்டோடு, நாரோடு. 'வேகவைத்த உருளைக்கிழங்கு' மண் ஒட்டியபடி இருந்தது. கடைசி நம்பிக்கையாக 'ஊறிய கொண்டைக்கடலை'யைக் கையில் எடுத்தார். திறக்கும் முன்பே கலகலவென்று சத்தம் கேட்டது.

"ரெண்டு நிமிஷம் ஆச்சி, அப்பா" என்றாள் யாமினி.

மனைவிக்குப் போன் போட்டார். ஸ்விட்ச் ஆஃப். தேர்வுக்கூடத்தில் போனுக்கு அனுமதி இல்லை என்கிற கொடுமை அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"கத்தி இருக்குதா தம்பி?" என்று கேட்டார் தையலம்மாள்.

"கத்தி தேவப்படாதும்மா, எங்க முறையில."

"இப்ப தேவப்படுதே."

யாரோ கத்தி கொண்டுவந்து கொடுத்தார்கள். பத்தாவது நிமிடம் முடிந்தபோது ஒரு வெங்காயம் உரிந்திருந்தது. மாமணியின் கண்ணீர் மைக்கில் சொட்டியது. எண்ணெய் புகைந்து கொண்டிருந்தது. பின்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

"மொத்தம் எத்தினி நிமிஷம் ஆவும்னு சொன்ன?" என்றார் தையலம்மாள்.

"பத்து நிமிஷந்தாம்மா" என்றார் நவநீதன். "அவ பரிச்ச எழுதிட்டு வந்துட்டான்னா."

நடுவர் படிவத்தில் 'விடுபட்ட பொருள்' என்று ஒரு கட்டம் இருந்தது. உப்பு, புளி என்று எழுதுவதற்காக நவநீதனே அச்சடித்தது. தையலம்மாள் அதில் 'பொண்டாட்டி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கிரிசாமி அதை என்ன ஏதென்று பார்க்காமல் மைக்கில் வாசித்துவிட்டார். ஆனாலும் அண்டாவில் பெயர் வெட்டியாகிவிட்டது, வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. ஆகவே முதல் பரிசு நவநீதனுக்கே வழங்கப்பட்டது.

சாயங்காலம் ஏழு மணிக்கு, டப்பாக்களை உள்ளே போட்டு அண்டாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கீதாஞ்சலி கூடத்து ஃபேனுக்கடியில் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

"இன்னா கீதா இப்பிடிப் பண்ணிட்ட? ஊரே சிரிச்சுது."

"கடைசிக் கேள்வி வரைக்கும் எழுதிட்டன்" என்றார் கீதாஞ்சலி. கேட்காத கேள்விக்குத்தான் பதில் சொன்னார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அப்பா, பசிக்குது" என்றாள் யாமினி.

"டப்பாலாம் நிரப்பித்தான இருக்குது?" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார் கீதாஞ்சலி. "பத்து நிமிஷந்தான. செஞ்சி குடுங்க."

நவநீதன் சமையல்கட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பூண்டை எடுத்தார். நகக்கண் எரிந்தது. தோலைப் போட வேறு பாத்திரம் அகப்படாததால் பரிசு அண்டாவிலேயே போட்டார். யாமினி நிலைப்படியில் ஸ்டாப்வாட்ச்சோடு நின்றிருந்தாள். எட்டாயிற்று. ஒன்பதாயிற்று. ஆறு பல் பூண்டும் அரை உருளைக்கிழங்கும் உரிந்திருந்தன.

"எவ்ளோ நேரம் ஆச்சி யாமினி?" என்று முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

யாமினி ஸ்டாப்வாட்ச்சைத் திருப்பிக் காட்டினாள். பூஜ்யம்.

"நீங்கதான சொன்னீங்க, அடுப்பு பத்த வெச்சாத்தான் அமுக்கணும்னு."

ஆகவே, மாமணி நவநீதன் அவர்களின் சொந்தக் கணக்குப்படி, அன்று மாலை அந்தச் சமையல்கட்டில் யாரும் எந்த வேலையும் செய்யவில்லை. அதே கணக்குப்படி, கல்யாணமான பதினைந்து வருஷமாகவே அங்கே யாரும் எந்த வேலையும் செய்ததில்லை.