நானே கேட்டாலும் சொல்லாதே

கண் ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் நின்றபோதுதான் பூட்டுக்காரருக்கு உறைத்தது, செல்போனை வீட்டிலேயே சார்ஜில் போட்டுவிட்டு வந்துவிட்டோம் என்று.

"உங்க மனைவி போனுக்கு ஓடிபி போயிருக்கு. கேட்டுச் சொல்லுங்க," என்றாள் கவுன்ட்டர் பெண்.

அதைச் சொன்னால்தான் ஆபரேஷனுக்கு நாள் உறுதியாகும். வெளியூரிலிருந்து வரும் பெரிய டாக்டரிடம் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. ஒரு மணிக்குக் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். விட்டால் இனி அடுத்த வருஷம்தான்.

மனைவிக்கு இரண்டு கண்ணிலும் புரை. முந்தின நாள், சுருட்டி வைத்திருந்த குடையைப் பூனை என்று நினைத்து வெகுநேரம் விரட்டிக்கொண்டிருந்தாள். பூட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு குளியலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏதேதோ காரணத்தால் ஏற்கெனவே தள்ளிப்போன ஆபரேஷன் இது. இந்தத் தடவை விடுவதாக இல்லை.

வாசல் காவலாளியிடம் போனை இரவல் வாங்கினார். மனைவியின் நம்பர் யாருக்கு மனப்பாடம்? தெரிந்த ஒரே நம்பர் அவருடையதுதான். அதற்கே அடித்தார். நல்லவேளை, அவள் எடுத்தாள்.

"நான்தான். உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதைச் சொல்லு."

"நான்தான்னா யாரு?"

"உன் புருஷன்தான்."

"அவர் போன் என் கையில இருக்கு," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? எல்லாம் இவர் நடத்திய பாடம். தொழில் அப்படி. சாவியைத் தொலைத்தவர் அழுது புரண்டாலும், வீடு அவருடையதுதான் என்று காட்டாமல் பூட்டில் கை வைக்கமாட்டார். பக்கத்துத் தெருக்காரர் ஒருவரைப் போனிலேயே மொட்டையடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து தெரு முழுக்கப் பிரசங்கம் வேறு. அவசரப்படுத்துகிறவன் திருடன், ஓடிபி கேட்கிறவன் திருடன், தெரிந்த குரலிலேயே பேச மெஷின் வந்துவிட்டது, ஜாக்கிரதை. நீங்களே கேட்டாலுமா என்று மனைவி கேட்டாள். நானே கேட்டாலும் சொல்லாதே என்று மார்தட்டிக்கொண்டவர் இந்த மகானுபாவர்தான்.

அடுத்து, வரிசையில் நின்ற ஒருவரைக் கெஞ்சி அவர் போனை வாங்கினார். சந்தேகம் இருந்தால் நமக்கு மட்டும் தெரிந்த எதையாவது கேள் என்று மனைவியிடம் சொன்னார். அங்கேதான் தப்புப் பண்ணினார்.

"போன மாசம் என் பிறந்தநாளுக்கு என்ன வாங்கிக் குடுத்தீங்க?"

பூட்டுக்காரருக்கு வியர்த்தது. உண்மையைச் சொன்னால்தானே நம்புவாள்?

"ஒண்ணும் வாங்கித் தரலையே."

"என் வீட்டுக்காரரா இருந்தா வாங்கித் தந்திருப்பார். வைடா போனை."

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் கேட்காத 'டா'. சரியான நம்பருக்குத்தான் அடித்தோமா என்று பூட்டுக்காரர் ஒரு தடவை சரிபார்த்தார்.

மனம் கேட்காமல் கவுன்ட்டர் பெண்ணே பேசிப் பார்த்தாள். அவளுக்கு நீண்ட உபதேசம் கிடைத்தது. குரலைக் கேட்டால் நல்ல பெண்ணாகத் தெரிகிறது, ஏன் இந்தத் திருட்டுக் கும்பலில் போய்ச் சேர்ந்தாய், இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை, வேறு வேலை தேடிக்கொள் என்று. வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். பெண் முகம் சுருங்கிப்போய், நேரில் போய் அந்தப் போனையே எடுத்து வந்துவிடுங்கள் என்றாள். பூட்டுக்காரர் விழுந்தடித்து ஆட்டோ பிடித்தார். பதற்றத்தில் அடையாள அட்டை கவுன்ட்டரிலேயே கிடந்தது.

வீட்டுக் கதவு திறக்கவில்லை. முகத்தைக்கூட அச்சு அசலாக மாற்றிக்கொண்டு வருகிறார்களாம், என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று கதவைச் சாத்திக்கொண்டார். அவரும் இவரிடம் பாடம் கேட்டவர்தான்.

சாவியும் உள்ளேதான் இருந்தது; வேறு வழியில்லாமல் பையிலிருந்து கம்பியை எடுத்தார். திருடன் தலைகீழாக நின்றாலும் திறக்க முடியாது என்று சொல்லி அவரே மாட்டிய பூட்டு. மண்டிபோட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு நெம்பிக்கொண்டிருந்தபோது தோளில் ஒரு கை விழுந்தது.

"நிதானமாச் செய்யுங்க. நாங்க காத்திருக்கோம்."

திரும்பினால் போலீஸ்.

"இவன்தான் சார், காலையிலேருந்து ஓடிபி கேக்கறான்," என்றது உள்ளேயிருந்து குரல்.

ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அட்டை ஆஸ்பத்திரியில், போன் வீட்டில், சாட்சி சொல்ல வேண்டிய மனைவியே புகார் கொடுத்தவள். எல்லாவற்றையும் போலீஸ்காரர் பொறுமையாகக் கேட்டார். தண்ணீர் கொடுத்தார், ஃபேனைத் திருப்பி வைத்தார். விடத்தான் இல்லை. மணி ஒன்றைத் தாண்டியது.

பூட்டுக்காரர் கைகூப்பினார். "என்னைப் பத்தி எனக்குக் கவலையில்ல சார். அவளுக்குக் கண்ணு நல்லாத் தெரியணும். அவ்வளவுதான் நான் கேட்டது."

போலீஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு எழுந்து, கிளம்பலாம் சார் என்றார்.

"நான்தான் அவ புருஷன்னு இப்பவாவது நம்பறீங்களா?"

"உங்க வீட்டம்மா எங்களுக்குப் போன் பண்ணும்போதே அதைச் சொல்லிட்டாங்க சார். ஆபரேஷன்னா அவங்களுக்குப் பயமாம், கவுன்ட்டர் மூடற வரைக்கும் உங்களை இங்கேயே உட்கார வைக்கச் சொன்னாங்க."