தேசப்பனின் மெலிந்த பட்டை

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டது, பிறகு சக்கரத்தைக் கண்டது. உண்மையைக் காண்பதற்கு மட்டும் 1958ஆம் ஆண்டு வரை, திருவொற்றியூர் ஆணி ஆலையில் உருளைக்கிழங்கு மாவுக் கூழ் காய்ச்சும் வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று.

பாலும் முட்டையும் வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டிருந்தார்கள். நிர்வாகம் மறுக்கவில்லை. 'சத்துக்குறைவு விஞ்ஞானபூர்வமாக நிரூபணமானவர்களுக்கு மட்டும்' என்று பெருந்தன்மையோடு தீர்மானம் போட்டு, பால் நிதியிலேயே, இரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் 'எலெக்ட்ரோஃபோரஸிஸ்' கருவியும் வாங்கிவிட்டது.

கால் வீங்கிப் பாரம் தூக்க முடியாமல் தவித்த தேசப்பன்தான் முதல் ஆளாகப் போனான்.

"பாலு குடுப்பீங்களா டாக்டரே?"

"முதல்ல விஷயத்தைப் புரிஞ்சுக்கப்பா" என்றார் ஆலை மருத்துவர் பொன்னுரங்கம்.

விஷயம் எளிது. மாவை உப்புக் கரைசலில் காய்ச்சித் தட்டில் ஊற்றினால் கூழ் கெட்டியாக உறையும். அதில் ஒரு கீறல் போட்டு, இரத்தத்தின் தெளிநீரில் தோய்த்த தாளைச் செருகி, மின்சாரம் பாய்ச்ச வேண்டும். புரதங்கள் ஓடத் தொடங்கும். கூழின் நுண்துளைகளில் சிறியவை நுழைந்து முந்திவிடும். பெரியவையும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட கூட்டங்களும் கல்யாணக் கோஷ்டி போலப் பின்தங்கும். சாயம் போட்டால் ஒவ்வொன்றும் தனிப் பட்டையாகத் தெரியும். முன்னால் ஓடும் ஆல்புமின் பட்டை தடிமனாக இருக்க வேண்டும். இரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்துவைப்பது அதுதான். அது குறைந்தால் நீர் கசிந்து கால் வீங்கும்.

தேசப்பனின் பட்டை நூலாக மெலிந்திருந்தது. மருத்துவரின் கண்கள் பனித்தன.

"இவ்வளவு அழகான குறைபாட்டை நான் பார்த்ததே இல்லப்பா."

"அப்ப பாலு?"

"பால் குடிச்சா பட்டை தடிச்சிடுமே. ரெண்டு மாசத்துல டெல்லியிலேருந்து நிபுணர்கள் இதைப் பார்க்க வர்றாங்க. அதுவரைக்கும் இப்படியே இரு."

"காலு ஊதிகினு கீதே."

"அதுவும் இருக்கட்டும்."

நிர்வாகக் குழு கூடி, தேசப்பனை 'ஆலையின் விஞ்ஞானச் செல்வம்' என்று அறிவித்தது. பட்டையின் படம் மேனேஜர் அறையில் தொங்கியது.

"பெரிய ஆளு மாமு நீ" என்றான் உடன் வேலை செய்யும் தாவூது. "உன் பட்டினிக்குக் கண்ணாடி போட்டு மாட்டிகிறாங்கோ."

தேசப்பனின் மனைவி புஷ்பவல்லிக்கு விஞ்ஞானத்தின் மீது போதிய மரியாதை இல்லை. கடலுக்குப் போய்வரும் அவள் அண்ணன் விஷயம் கேட்டுத் தினமும் மீன் கொடுக்கத் தொடங்கினான். அவள் குழம்பு வைத்தாள்.

"டாக்டரு கூடாதுன்னாரே, புஷ்பா."

"அவரு வூட்ல யாருக்கு காலு ஊதிகீது? நீ துன்னுய்யா."

தின்றான். வீக்கம் வடிந்தது. மருத்துவர் மனம் நோகக் கூடாதே என்று கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டு, நொண்டியபடியே வேலைக்குப் போனான்.

நிபுணர்கள் வந்தார்கள். கூழ் உறைந்தது, மின்சாரம் பாய்ந்தது, சாயம் கழுவப்பட்டது. ஆல்புமின் பட்டை கட்டைவிரல் தடிமனில் மின்னியது.

"நல்ல ஆரோக்கியமான ஆள்" என்றார் ஒரு நிபுணர்.

மருத்துவர் முகம் வெளுத்தது. "என்னடா பண்ணித் தொலைச்சே?"

"மீனு துன்னேன் டாக்டரே."

விசாரணை முறைப்படி நடந்தது. ஆலைக்குச் சொந்தமான குறைபாட்டை முன்னனுமதியின்றி, வெளியார் உதவியோடு அழித்த குற்றத்துக்காகத் தேசப்பன் வேலையிலிருந்து நீக்கப்பட்டான்.

வாசல்வரை வந்து வழியனுப்பிய பொன்னுரங்கம் அவன் தோளில் பரிவோடு கை வைத்தார்.

"மனசைத் தளர விடாதேப்பா. வேலைதான் போயிடுச்சே, கொஞ்ச நாள்ல பட்டை தானா மெலிஞ்சிடும். மெலிஞ்சதும் வேற எங்கேயும் போயிடாம நேரா எங்கிட்டயே வந்துடு."