விரதத்தில் தின்ற மூன்று டொபி

விரதம் இருப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. இருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரியாமல் இருப்பதுதான் கஷ்டம். எனக்கு அது ஒருநாளும் வந்ததில்லை.

நாலு வருஷத்துக்கு முந்தி, கந்த சஷ்டியின் மூன்றாம் நாள், பதுளையை அடுத்த ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கண்டியிலிருந்து மகளைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பெரிய முருக பக்தை. அவர் உட்காருவதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன்.

"ஆறு நாளும் ராத்திரி ஒரு டம்ளர் பால்தாங்க. வேற பச்சத் தண்ணிகூட தொண்டையில எறங்காது." (தண்ணீர் இறங்கியது. பேச்சு வேகத்தில் வந்துவிட்டது.)

"இப்படிப்பட்ட வீட்டுலதான் பொண்ணெடுக்கணும்" என்று அந்த அம்மா தன் வீட்டுக்காரரிடம் சொன்னார். மகள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவளுக்குப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது.

அத்தோடு அவர்களை பஸ் ஏற்றி விட்டிருக்கலாம். பதுளைக்கு வந்தவர்களுக்கு எங்கள் ஊர் டொபிக்கடையைக் காட்டாமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று தலைமுறையாக ஒரு முஸ்லிம் குடும்பம் நடத்தும் கடை அது. கண்ணாடி ஜாடிகளில் இஞ்சி டொபி, தேங்காய் டொபி, பால் டொபி. எல்லாம் கடைக்குப் பின்னாலேயே சீனிப்பாகு காய்ச்சிக் கிண்டுவது. ஏதோ என் சொந்தக் கடை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழைந்தேன்.

அங்கே ஒரு வழக்கம். என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முந்தியே, நானா (கடைக்கார அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு துண்டை உடைத்து உள்ளங்கையில் வைத்துவிடுவார். என் கையிலும் வைத்தார்.

"இதக் கடிக்கக் கூடாதுங்க" என்று வந்தவர்களுக்குப் பாடம் எடுத்தேன். "இப்படி நாக்குல வச்சு, அப்படியே கரைய விடணும்..."

கரைந்தது. அடுத்து தேங்காய். அடுத்து பால். ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு விளக்கம்.

கண்ணைத் திறந்தால் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விரதம்னு சொன்னீங்களே?" என்றார் அந்த அம்மா.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நானா என்னைக் காப்பாற்றப் பார்த்தார். "எங்கட நோன்புலயும் மறந்து திண்டா முறியாதும்மா. அண்ணன் மறந்துட்டார்."

"மூணு தரமுமா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பால் டொபி மணத்தது. முருகன் பக்கத்தில் நின்று கேட்கிற மாதிரி இருந்தது.

"மொதத் துண்டு மறந்துதாங்க தின்னேன். ரெண்டாவது வாய்க்குள்ள போனப்பறம் ஞாபகம் வந்துருச்சு. மூணாவது... தெரிஞ்சேதான். நிறுத்துனா கண்டுபிடிச்சிருவீங்கன்னு பயம். தப்பு என்னோடதுங்க. இத வச்சு எம்புள்ளைய வேணாம்னு சொல்லிராதீங்க."

அந்த அம்மா என்னை விட்டுவிட்டு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? வருஷா வருஷம் சஷ்டிக்கு நம்ம வீட்டு பிஸ்கட் டின் காலியாகுது. மூடியத் தொறந்து எலி தின்னுச்சுன்னு சொல்றீங்க. இந்த மனுசன் ஒத்துக்கிட்டாருல்ல!"

அவர் அண்ணாந்து கடைக்கூரையில் ஏதோ தேடினார்.

கல்யாணம் நடந்தது. தாம்பூலப் பையில் அந்தக் கடை டொபியைத்தான் போட்டேன். கண்டிக்காரர்கள் ரெண்டாவது பை கேட்டு வாங்கினார்கள் என்பதில் எனக்கு இன்னும் பெருமை. முருகனிடம் மன்னிப்புக் கேட்டு அந்த வருஷம் ஏழாம் நாளும் பட்டினி கிடந்தேன். (யாரிடமும் சொல்லவில்லை, சத்தியமா.)

இப்போது ஒவ்வொரு சஷ்டிக்கும் விடியக்காலையிலேயே கண்டியிலிருந்து அந்த அம்மாவின் வீடியோ கோல் வந்துவிடுகிறது.

"சம்பந்தி, நாக்க நீட்டுங்க பாப்போம்."

நீட்டுகிறேன். அவருக்குப் பின்னாலிருந்து என் மகள் சிரிக்கிற சத்தம்தான் முதலில் கேட்கும்.