சப்றாஸ் மாத்திப்போட்டான்

பொறாமை இல்லாத மனிதன் உலகத்தில் இல்லை என்று பொதுவாகச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் எனக்கு இருக்கும் பொறாமை பொதுவான அளவு அல்ல. பக்கத்து வீட்டு மாமரம் என் வீட்டு மாமரத்துக்கு முந்திப் பூத்துவிட்டால் எனக்கு அன்று பகல் சோறு இறங்காது. (என் வீட்டில் மாமரமே கிடையாது. அப்படியிருந்தும் இறங்காது.)

யுத்தம் முடிந்த அந்த வருடம் எனக்கு இருபத்தாறு வயது. கல்முனை பஸாரில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில், இணையப் பக்கங்கள் செய்து கொடுக்கும் சின்னக் கடையில் வேலை பார்த்தேன். இரண்டு கணினி, இரண்டு கதிரை, ஒரு காற்றாடி. காற்றாடி எப்போதும் சப்றாஸின் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

சப்றாஸ் மருதமுனைக்காரன். கொழும்பில் படித்துவிட்டு வந்தவன். என்னைவிட எட்டே எட்டு மாதம் இளையவன், ஆனாலும் என்னை அண்ணனாக்கி "காக்கா" என்று மரியாதையாகக் கூப்பிடுவான். அந்த மரியாதையே எனக்குப் பிடிக்காது. நான் சாய்ந்தமருதிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து சேரும்போது என் சட்டையைப் பிழிந்தெடுக்கலாம். அவன் சட்டை பின்னேரம் வரை கசங்காது. வாடிக்கையாளர்கள் படியேறி வந்ததும் என்னைத் தாண்டி அவனிடம் போய், "தம்பி, இதக் கொஞ்சம் பாருங்க" என்பார்கள். நான் ஏதோ வாசலில் செருப்புக்குக் காவல் இருப்பவன் போல.

கடையில்தான் இப்படி என்றால் வீட்டில் அதைவிட மோசம். வாப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு உம்மா, தங்கச்சி சிபானா, நான் என்று மூன்று பேர்தான். கடற்கரை ஒழுங்கை என்ற சந்தில் இருந்த வீடும் வாப்பாவோடு போய்விட, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த புது வீட்டில் இருந்தோம். நான் வேலை முடிந்து வந்து சைக்கிளை நிறுத்துவதற்குள் உம்மா தொடங்கிவிடுவார்.

"சப்றாஸ் தம்பி இண்டைக்கு வந்தாரா மனே?"

"ஓம்."

"அவரு சிகரட்டு கிகரட்டு குடிக்கிறயா?"

"இல்ல."

"கோவம் வருமா அவருக்கு?"

"அவனுக்கு எங்க கோவம் வாற? எந்த நேரமும் இளிச்சிக்கிட்டு இரிப்பான்."

இதைக் கேட்டதும் உம்மாவின் முகம் மலர்ந்துவிடும். பெற்ற மகன் என்ன சாப்பிட்டான் என்று ஒரு வார்த்தை கிடையாது. ஒருநாள் வட்டிலப்பம் அவித்து, இரண்டு துண்டு கட்டித் தந்து, "பெரிய துண்ட அவருக்குக் குடு" என்றார். நான் கடைப் படியிலேயே நின்று பெரிய துண்டைத் தின்றுவிட்டுச் சின்னத் துண்டோடு மேலே போனேன். (சின்னதையும் தின்றிருப்பேன். யாரோ படியேறி வந்துவிட்டார்கள்.)

இதை வாசிக்கும் உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எங்கள் வீட்டில் சிபானாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாப்பிள்ளை சப்றாஸ். உம்மாவும் அவனுடைய உம்மாவும் இரண்டு மாதமாகப் பேசி, விடயம் கனியும் நிலைக்கு வந்திருந்தது. சிபானாவுக்குத் தெரியும். அடுத்த வளவுக்காரருக்குத் தெரியும். வாப்பா இல்லாத வீட்டில், நிக்காஹ் நேரம் வலியாக, பெண்ணின் பொறுப்பாளனாக இருந்து தங்கச்சியைக் கைப்பிடித்துக் கொடுக்க வேண்டிய எனக்கு மட்டும் தெரியாது. என் வாயின் நீளம் தெரிந்த உம்மா, எல்லாம் உறுதியான பிறகு சொல்லலாம் என்று மறைத்து வைத்திருந்தார். நானோ, உம்மா என்னைக் கொடுத்துவிட்டு அவனை மகனாக எடுக்கப் பார்க்கிறார் என்று நினைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

இந்த நேரத்தில்தான் மருதமுனை ஹாஜியார் ஒருவர் எங்கள் கடைக்கு வந்தார். இடுப்பில் உடுத்தும் கைத்தறிச் சாறன் வியாபாரம். பாதை திறந்துவிட்டதால் கொழும்பு வியாபாரிகள் வரப்போகிறார்கள், அவர்களுக்குக் காட்ட இணையத்தில் ஒரு பக்கம் வேண்டும் என்றார். முதலாளி இருவரையும் ஆளுக்கொன்று செய்யச் சொன்னார். ஹாஜியார் இரண்டையும் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்வார்.

சப்றாஸ் சாறன்களை அழகாகப் படம் பிடித்து அடுக்கினான். நான் அதற்கு மேலே போனேன். பொத்தானை அமத்தினால் திரையில் சாறனின் நிறம் மாறும்! சிவப்பு, பச்சை, நீலம் என்று எது வேண்டுமோ அது. ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு டப்பா மாதிரி வைத்து, அதற்கு நிறத்தின் பெயரையே சூட்டியிருந்தேன். பொத்தானில் 'சிவப்பு' என்ற சொல் எழுதியிருக்கும். அமத்தினால் துணி முதலில் வெள்ளையாகும், பிறகு அந்தச் சொல்லே பெயராக உள்ள டப்பாவைத் தேடிப் பிடித்து நிறத்தை எடுத்துப் பூசும். இப்படி ஒரு சூட்சுமம் இலங்கையிலேயே எவனுக்கும் தோன்றியிருக்காது என்று நினைத்தேன்.

ஒரே ஒரு குறை. என் பக்கம் திறக்க நேரம் எடுத்தது. அன்றைய போன் லைனில் சப்றாஸின் பக்கம் எட்டு எண்ணுவதற்குள் திறந்துவிடும். என்னுடையதைத் திறக்க விட்டுக் கீழே போய் பிளேன்டீ குடித்துவிட்டு வரலாம். முதலாளி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சப்றாஸ்ட பறக்குது" என்றார். அந்த ஒரு வார்த்தை என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம். சப்றாஸ் வாரா வாரம் செய்வதுபோல எல்லோருடைய வேலையையும் தன் பென்டிரைவில் பிரதி எடுத்துவிட்டு, "அஸருக்குப் போவமா காக்கா?" என்றான். "நீ போ, வாறன்" என்றேன். போகவில்லை. அவன் பள்ளிவாசலில் முதல் வரிசையில் தொழ நின்ற நேரம், நான் கணினிக்கு எழுதிய கோட் வரிகளைச் சுருக்கும் மினிஃபையர் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். இடைவெளிகளையும் வரிகளையும் நெருக்கி ஃபைலைச் சிறிதாக்கும் கருவி, அவ்வளவுதான் என்று எண்ணினேன். அதில் அடையாளம் போடும் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆங்கிலத்தில் விளக்கம். நான் வாசிக்கவில்லை. பெட்டி கூடக்கூட ஃபைல் சுருங்கியது, ஆகவே எல்லாப் பெட்டிக்கும் சரி போட்டேன். வந்ததைப் பழைய ஃபைலுக்கு மேலேயே சேமித்தேன். பக்கத்தைத் திறந்தேன். ஆறு! சப்றாஸுக்கு எட்டு, எனக்கு ஆறு. நிறத்தை அமத்திப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. கணினியை மூடிவிட்டு, சைக்கிளில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வீடு போனேன்.

சனிக்கிழமை காலை, கணினியை ஓட்டோவில் ஏற்றி மடியில் பிடித்துக்கொண்டு, பாண்டிருப்பு தாண்டி மருதமுனைக்குப் போனோம். ஹாஜியார் வீட்டு ஹோல் நிறையக் கதிரை. சப்றாஸ்தான் வயர்களைப் பூட்டி, போன் லைனில் இணைத்து, ஐந்து நிமிடம் கணினியின் முன்னால் இருந்தான். இந்த ஐந்து நிமிடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உம்மாவும் வந்திருந்தார். சிபானா புது அபாயாவில். பக்கத்துக் கதிரையில் சப்றாஸின் உம்மா. என் வேலையைப் பார்க்கத்தான் குடும்பமே உடுத்து வந்திருக்கிறது என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. (பெண் பார்க்கும் ஏற்பாடு அது. ஹாஜியாரும் உடந்தை.)

என் பக்கம் ஆறே எண்ணிக்கையில் திறந்தது. நான் சப்றாஸை ஒரு பார்வை பார்த்தேன். அவன் வழக்கம்போல் சிரித்தான்.

"எங்க தம்பி, சிவப்ப அமத்துங்க பாப்பம்" என்றார் ஹாஜியார்.

அமத்தினேன். சாறன் வெள்ளையானது. அதோடு நின்றது.

"பச்ச?"

வெள்ளை. நீலம், வெள்ளை. திரையின் கீழ் மூலையில், பிழை இருந்தால் வரும் மஞ்சள் முக்கோணம் ஒன்று வந்து குந்திக்கொண்டது.

கொழும்பு வியாபாரி ஒருவர் தலையைச் சரித்து, "ஏன் ஹாஜியார், கபன் புடவையும் நெய்யிறீங்களா?" என்று கேட்டார். மையித்துக்கு, இறந்தவரின் உடலுக்குச் சுற்றும் வெள்ளைத் துணி! ஹாஜியாரின் முகம் கறுத்தது.

நான் கோட் ஃபைலைத் திறந்தேன். சிவப்பைக் காணோம். பச்சையைக் காணோம். நான் பெயர் சூட்டிய எதுவுமே இல்லை. எல்லாம் ஏ, பீ, சீ என்று ஒற்றை ஆங்கில எழுத்துகளாக, ஒரே நீள வரியில் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ உள்ளே புகுந்து பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறான். யார்? அந்த ஐந்து நிமிடம் என் கண்ணில் வந்து நின்றது.

"இவன்தான்!" என்று எழும்பினேன். "சப்றாஸ் மாத்திப்போட்டான்! என்ட வேல நல்லாரிக்கி எண்டு பொறாமயில, எல்லாத்தையும் சப்றாஸ் மாத்திப்போட்டான்!"

அந்த ஹோலில் இருந்த பாதிப்பேருக்குக் கோட் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் ஒருவனைக் கள்ளன் என்று சொல்லும் குரல் எல்லோருக்கும் விளங்கும். "மனே!" என்றார் உம்மா. அப்படி ஒரு குரலை நான் சுனாமி அன்றுகூடக் கேட்டதில்லை. சப்றாஸின் உம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்தார். சிபானா தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. "நான் திருத்திக் காட்டுறன்" என்று கதிரையை இழுத்துப் போட்டேன். சிவப்பு இருந்த இடத்தில் ஏ இருக்கிறதா? சரி. எல்லா ஏயையும் சிவப்பாக மாற்று என்று கணினிக்குக் கட்டளை கொடுத்தேன். அது சொன்னதைச் செய்தது. சொற்களுக்கு நடுவில் இருந்த ஏ, முதலில் இருந்த ஏ, கடைசியில் இருந்த ஏ என்று அந்த ஃபைலில் இருந்த ஒரு ஏயையும் விடவில்லை. திரை முழுக்கச் சிவப்பு சிவப்பு சிவப்பு என்று எழுத்தாக நிறைந்தது. சாறனில் மட்டும் சிவப்பு இல்லை. சொல்லப்போனால் இப்போது சாறனே இல்லை.

சப்றாஸ் மெதுவாக என் பக்கத்தில் வந்து குந்தினான். நான் செய்ததை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி அழித்தான். மஞ்சள் முக்கோணத்தை அமத்தி, அது சொன்னதை வாசித்தான். சிவப்பு என்று இங்கே யாரும் இல்லை என்பதுதான் அதன் முறைப்பாடு. பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "காக்கா, வியாழக்கிழம இதச் சுருக்கிற எதுக்குள்ளயும் போட்டீங்களா?" என்றான்.

காது சுட்டது.

"அது எல்லா டப்பாட பேரையும் ஏ, பீ எண்டு சுருக்கிப்போடும். ஆனா பொத்தான்ல எழுதியிரிக்கிற சொல்லத் தொடாது. அது மூடின கடிதம் மாதிரி, பிரிச்சிப் பாக்காது. உங்கட வாப்பாட பேருக்கு இன்னும் பழைய ஒழுங்க விலாசத்துக்குக் கடிதம் வருது எண்டு சொன்னீங்களே? அதான். கடிதத்தில பழைய விலாசம். அந்த இடத்தில இப்ப ஆருமில்ல."

எப்போதோ பிளேன்டீ குடிக்கும்போது நான் சொன்னது அது. சொன்ன நானே மறந்துவிட்டேன். அவன் நினைவில் வைத்திருந்தான். எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகைக்குள்ளும் கொஞ்சம் பொறாமை இருந்தது.

அவன் எழும்பி ஹாஜியாரிடம், "கொம்பியூட்டர்ட கோளாறு ஹாஜியார், காக்காட பிழ இல்ல. பழைய பிரதி என்னட்ட இரிக்கி" என்றான். நல்லவனாக இருப்பதிலும் என்னை முந்திவிட்டான்.

ஆனால் அவனுடைய உம்மா அதற்குள் எழும்பிவிட்டார். "கோளாறு கிடக்கட்டும். என்ட புள்ளயக் கள்ளனெண்டு சொன்ன வீட்டுக்கு எப்பிடிகா நான் அவன மாப்பிள்ளயாக் குடுக்கிற?" என்றார் என் உம்மாவைப் பார்த்து.

மாப்பிள்ளையா? சிகரட்டு, கோபம், வட்டிலப்பம், புது அபாயா எல்லாம் ஒரே நேரத்தில் என் தலையில் வந்து விழுந்தன. சிபானாவைப் பார்த்தேன். அவள் விரலால் அபாயாவின் ஓரத்தை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண்ணீரை நான் அதற்கு முன் ஒருமுறைதான் பார்த்திருந்தேன்.

"மாமி, இரிங்க" என்றேன். குரல் ஆட்டுக்குட்டியின் குரலாக வந்தது. "அவன் ஒண்டும் செய்யல்ல. நான்தான் செஞ்ச. அவன்ட பக்கம் கெதியாத் திறக்குது எண்டு பொறாமயில, அவன் தொழப் போன நேரம் பாத்து, என்ட வேலய நானே கெடுத்துப்போட்டன். பொறாம எனக்குத்தான். அவனுக்கில்ல." சற்று யோசித்துவிட்டு, "அவனுக்குத் தந்துவிட்ட வட்டிலப்பத்தில பெரிய துண்டையும் நான்தான் திண்ட" என்றேன்.

ஏன் அதைச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. திறந்த வாய் மூடவில்லை. ஆனால் முதலில் சிரித்தது சிபானா. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். சப்றாஸ் அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தான். அவன் அவளைப் பார்த்த விதத்தை அவனுடைய உம்மா பார்த்தார். கைப்பை மறுபடியும் கதிரைக்குக் கீழே போனது.

ஹாஜியார் சப்றாஸின் பக்கத்தைத்தான் எடுத்தார். பழைய பிரதியில் என் நிறங்கள் எல்லாம் ஒழுங்காக மாறின, இருந்தும் கபன் புடவை அவர் மனத்தை விட்டுப் போகவில்லை. மூன்று மாதத்தில் நான் வலியாக இருந்து சப்றாஸின் கையைப் பிடித்து என் தங்கச்சியைக் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பான். ஆகவே எந்த ஆளைப் பார்க்கக் கூடாது என்று கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேனோ, அவன் என் அறையில், என் கட்டிலில், என் காற்றாடிக்குக் கீழே வந்து படுத்தான். நான் வெளி ஹோலில் பாய் விரித்தேன். வட்டிலப்பத்தில் பெரிய துண்டு எப்போதும் மருமகனுக்குத்தான்.

அந்த வீட்டில் இன்றைக்கும் கறியில் உப்புக் கூடினால், "சப்றாஸ் மாத்திப்போட்டான்" என்பார் உம்மா. கரண்ட் போனால் சப்றாஸ் மாத்திப்போட்டான். பெருநாள் பிறை ஒருநாள் பிந்தினாலும் அவன்தான். போன மாதம் சிபானாவின் மகன் கணக்கில் முப்பது எடுத்துக்கொண்டு வந்து, தகப்பனின் முன்னாலேயே நின்று, "மாமா, எனக்குத் தொண்ணூறு. சப்றாஸ் மாத்திப்போட்டான்" என்றான்.

கலியாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குவேன். இரண்டாவது வரியிலேயே எல்லோரும், "நீ இரு றிஸ்மி, மச்சான் சொல்லட்டும். அவர் சொன்னாத்தான் சிரிப்பு வரும்" என்பார்கள். அவன் சிரித்துக்கொண்டே எழும்பிச் சொல்லுவான். நான் அழுத இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, என்னைப் பார்த்துவிட்டு, அதைச் சொல்லாமல் தாண்டிப் போவான். சபை விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன். என்னைப் பற்றிய பகிடியையும் என்னைவிட அவன்தான் நன்றாகச் சொல்கிறான் என்று வீட்டுக்கு வந்த பிறகும் வயிறு எரியும்.