தேதி போடாத காமிரா

ஒரு சாக்கடை சுத்தமாக இருக்கிறதா என்பதை, அந்தச் சாக்கடையைப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்வது நம்பத்தகுந்த முறை அல்ல என்று 2003ஆம் ஆண்டு கொச்சி மட்டாஞ்சேரி மூன்றாம் வட்டத் துப்புரவு அலுவலகம் கண்டுபிடித்தது. பார்ப்பவர் பொய் சொல்லலாம். புகைப்படம் சொல்லாது. ஆகவே ஒரு டிஜிட்டல் காமிரா வாங்கப்பட்டது. தினக்கூலிப் பணியாளர்கள், தாங்கள் சுத்தம் செய்த சாக்கடைக்குப் பக்கத்தில் நின்று தினமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இருநூற்று நாற்பது நாளுக்குப் படம் சேர்ந்தால் வேலை நிரந்தரம்.

ராமாத்தாளுக்கு நிரந்தரம் வேண்டியிருந்தது. பள்ளுருத்தியில் வாடகை வீடு, ஒன்பதாவது படிக்கும் மகள், போன வருஷம் செத்துப்போன புருஷன் என்று அதற்கான தகுதிகள் எல்லாம் அவளிடம் இருந்தன. படம் மட்டும்தான் பாக்கி.

காமிராவில் பதினாறு வகைக் காட்சிகளுக்கு ஏற்பாடு இருந்தது. பனிமலை, வாணவேடிக்கை, கைக்குழந்தை, செல்லப்பிராணி. சாக்கடை இல்லை. கிளார்க் ஷாஜி இரண்டு நாள் யோசித்து, தண்ணீர் பொதுவாக இருப்பதால் கடற்கரைக் காட்சியில் வைத்து எடுத்தார். பேட்டரி தினமும் தீர்ந்தது. புதிது போட்டதும் காமிரா தன் பிறந்தநாளுக்குத் திரும்பியது: 2000 ஜனவரி 1, நள்ளிரவு பன்னிரண்டு மணி.

நூற்று எண்பத்தேழாவது படத்துக்குப் பிறகு, மேற்பார்வை அதிகாரி சேவியர் அவளைக் கூப்பிட்டார்.

"ராமாத்தாளே, நீ எப்ப வேலைக்குச் சேர்ந்தே?"

"ரெண்டாயிரத்தொண்ணுல சாரே. ஓணம் கழிஞ்ச அடுத்த வாரம்."

"படமெல்லாம் ரெண்டாயிரம் ஜனவரி ஒண்ணு. சேர்றதுக்கு முன்னாடியே, ஒரே ராத்திரியில நூத்தி எண்பத்தேழு சாக்கடை. ஆரு சொல்லிப் பண்ணினே?"

"ராத்திரியா? படத்துல வெயில் அடிக்குதே சாரே."

"அதையும் நான் எழுதி வச்சிருக்கேன். நடுராத்திரியில வெயில். அதுக்கும் நீதான் சமாதானம் சொல்லணும்."

ஷாஜி தொண்டையைச் செருமினார். "பேட்டரி மாத்தினா தேதி பழசாகும் சார். அஞ்சாறு பட்டனை அமுக்கித் திருத்திடலாம்."

"சர்க்கார் ரெக்கார்டுல தேதியைத் திருத்தறதா? பென்ஷன் போகும் மோனே."

கோப்பில் முடிவு பதிவானது: மேற்படி பணியாளர் புரிந்த சேவை ஒரு நாள். அந்த ஒரு நாளும் நியமனத்துக்கு முந்தியது என்பதால் கணக்கில் கொள்ளப்படவில்லை. அனுமதியின்றி அரசுச் சாக்கடையைச் சுத்தம் செய்தது ஏன் என்று ஏழு நாளில் விளக்கம் தரவும்.

விளக்கம் எழுத வந்தவர் அவளுடைய அண்ணன் சங்கிலிப்பாண்டி. பள்ளுருத்தியில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். பிலிம் காமிராக்களை இருபது வருஷமாகப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தவர். விளக்கத்தோடு ஒரு மாதிரியும் கொண்டுவந்தார். பலாமரத்தில் செதுக்கி, கறுப்பு ரெக்ஸின் ஒட்டி, செத்துப்போன ஒரு காமிராவின் லென்ஸையும் பித்தானையும் பொருத்தியிருந்தார்.

"கோளாறு தங்கச்சிகிட்ட இல்ல சாரே, காமிராகிட்ட. யாராச்சும் இப்படி ஒண்ணு செஞ்சு விக்கணும். தூரத்துக்கு ஒரு வளையம். வெளிச்சத்துக்கு ஒரு வளையம். ஒரு பித்தான். பிலிமுக்குப் பதிலா உள்ளே அந்த டிஜிட்டல் சில்லு. அவ்வளவுதான். மெனு இல்ல, பனிமலை இல்ல, தேதியும் இல்ல."

சேவியர் அதைத் திருப்பிப் பார்த்தார். "பின்பக்கம் திரையைக் காணோமே."

"வேணாம் சாரே. எடுத்த உடனே பார்த்தா அழிக்கத் தோணும்."

"இந்த நெம்புகோல்?"

"ஒரு படம் எடுத்தப்புறம் இதை இழுத்தாத்தான் அடுத்தது. நடுவுல ஒரு நொடி யோசிக்கலாம்."

சேவியர் பித்தானை அமுக்கினார். கிளிக் என்றது. அப்படி ஒரு நேர்மையான சத்தத்தை அந்த அலுவலகம் கேட்டு வெகுநாளாகியிருந்தது. டெண்டர் விடும்வரை மாதிரியையே உபயோகிக்கலாம் என்று உடனே உத்தரவு எழுதினார்.

"சாரே, இது வெறும் மரம்."

"பண்டைய காமிராவெல்லாம் மரம்தானே."

"உள்ள ஒண்ணுமே இல்ல சாரே."

"அதைத்தானே சேட்டா நீங்க இவ்வளவு நேரம் விளக்கினீங்க?"

வெளியே வந்ததும் ராமாத்தாள் கேட்டாள். "அண்ணே, இதுல படம் விழாதுல்ல?"

"விழாது."

"தேதி?"

"அதுவும் விழாது."

"அப்ப எனக்கு இது போதும்."

மறுநாள் முதல் சாக்கடை ஓரத்தில் அவள் நிற்க, ஷாஜி மரத்தைக் கண்ணில் வைத்து, வளையம் திருகி, அமுக்கி, பதிவேட்டில் 'படம் எடுக்கப்பட்டது' என்று எழுதினார். ஆட்சேபணை எழவில்லை. களமசேரியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் ஒரு வாரம் சோதித்து அறிக்கை கொடுத்தார்: கை நடுங்கினாலும் படம் கலங்குவதில்லை. யாருக்கும் கண் சிவப்பதில்லை. பேட்டரிச் செலவு பூஜ்யம்.

போர்ட் கொச்சி வரைக்கும் பேச்சு பரவியது. கழுத்தில் தோல்வாரோடு ஷாஜி போகும்போது, ஹோட்டல்காரர்கள் சாயா வாங்கிக்கொடுத்து விசாரித்தார்கள்.

"எத்தனை மெகாபிக்சல் மோனே?"

"அதெல்லாம் புதுப்பணக்காரங்க கேக்கிற கேள்வி சேட்டா."

கேட்டவர் வெட்கப்பட்டு ஒரு பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தார். அடுத்த மாதம் இரண்டு ஹோட்டல்களின் வரவேற்பறையில் பலாமரக் காமிரா தொங்கியது. ஒரு கல்யாணத்தில் அதைக் கொண்டே முழு ஆல்பமும் எடுத்தார்கள். ஒருவர்கூடத் தன் முகம் கறுப்பாக விழுந்துவிட்டதாகக் குறைசொல்லவில்லை.

இருநூற்று நாற்பதாவது நாள் பதிவேடு மேலே போனது. ஒரு படத்தையாவது காட்டும்படி யாரும் கேட்கவில்லை. எந்தக் காலத்திலும் கேட்டதில்லை என்று பிறகு தெரியவந்தது. நிரந்தர ஆணை வந்தது.

பணிப்புத்தகத்தில் ஒட்டுவதற்கு மட்டும் ராமாத்தாளின் படம் ஒன்று தேவைப்பட்டது. அலுவலகக் காமிரா இருக்கும்போது வெளியே எடுப்பது விதிமீறல். அவளை நாற்காலியில் உட்காரவைத்து ஷாஜி கிளிக் செய்தார். புகைப்படத்துக்கான வெற்றுக் கட்டத்தின் மேல் பாதியும் வெளியே பாதியுமாக முத்திரை விழ, 'மேலே காண்பவர் இவரே' என்று சேவியர் சான்றளித்தார்.

"ஆள் மாதிரி இருக்கா?"

ஷாஜி நீண்ட நேரம் கட்டத்தைப் பார்த்தார். "என்னோட வோட்டர் கார்டுல இருக்கிறது என் மாமனார் மாதிரி இருக்கும் சார். இது வேற யாரு மாதிரியும் இல்ல."

சேவியர் தன் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தார். மறுநாள் காலையிலேயே முதல் ஆளாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்தது ஷாஜி. அப்புறம் மற்ற வட்டங்களிலிருந்தும் வந்தார்கள். வரிசை படி இறங்கித் தெரு முனையில் திரும்பியது.

படம் எடுத்தது ராமாத்தாள். நிரந்தரமானவர்களைச் சாக்கடைக்கு அனுப்பும் வழக்கம் அந்த அலுவலகத்தில் இல்லை.

மாதிரியைத் திருப்பி வாங்கிப்போக வந்த சங்கிலிப்பாண்டி, நேராக உள்ளே நுழையப் பார்த்தார். வரிசையில் வரச்சொல்லி அதட்டினார்கள். இரண்டு மணி நேரம் நின்றார். முன்னால் நின்றவர் தலை சீவினார். பின்னால் நின்றவர் சீப்பைக் கடன் கேட்டார். அவர் முறை வந்தபோது, தங்கச்சியிடம் என்ன சொல்ல வந்தோம் என்பது அவருக்குச் சரியாக ஞாபகம் இல்லை. நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தார்.

ராமாத்தாள் நெம்புகோலை இழுத்தாள். ஒரு நொடி யோசித்தாள்.

"நேராப் பாருங்கண்ணே. ஆடினா கெட்டுப்போகும்."

சங்கிலிப்பாண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டார்.