மாடியில் ஒரு கண் டாக்டர்

ஆலாபனை தொடங்கிவிட்டதால் கதவைச் சாத்திவிட்டார்கள். ஆழ்வார்பேட்டை சபாவின் கதவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றார் வேதாந்தம். உள்ளே காம்போதி, வெளியே காவல்காரர்.

"பாட்டு முடியட்டும் சார், அப்பால வுடறேன்."

"மாடியில பால்கனி உண்டோன்னோ?"

"மாடில வேற..." என்று காவல்காரர் இழுப்பதற்குள் வேதாந்தம் படியேறிவிட்டார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. போன மாதம் மச்சினி பேத்திக்குக் காது குத்துகிற நேரத்தில் நைசாக நழுவிக் கச்சேரிக்குப் போய்விட்டார். "இனிமே எனக்குத் தெரியாம சபா வாசலை மிதிச்சேளோ, மார்கழி சீசன் மொத்தமும் ரத்து!" என்று மனைவி அபயாம்பாள் அன்றே விலை சொல்லிவிட்டாள். முப்பது வருஷத்தில் அவள் சொன்ன விலையில் கால் ரூபாய் குறைந்ததில்லை. இன்று சனிக்கிழமை. அவள் வழக்கம்போல் கோயில் பாராயணத்துக்குக் கிளம்பிப் போக, இவர் கண் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

மாடி இருட்டாக இருந்தது. பாட்டு இங்கே கேட்குமா என்று யாரையாவது விசாரிக்கலாமென்று கையைத் தூக்கினார்.

"சூப்பர்! வாலண்டியர் கிடைச்சாச்சு!"

மைக்கும் கையுமாக நின்ற ஷெல்டன் என்ற இளைஞன் அவரை மேடைக்கே இழுத்துப்போய்விட்டான். "இம்ப்ரோவ் நாடகம் அங்கிள். வசனம் கிடையாது, ரிகர்சல் கிடையாது. ரூல் ஒண்ணுதான். எதிர்ல இருக்கவங்க எது சொன்னாலும் ஒத்துக்கணும்."

நடிகை வர்ஷினி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா! இத்தனை வருஷம் எங்கப்பா போயிருந்தீங்க?"

"நான் உங்கப்பா இல்லைம்மா."

"பெத்த பொண்ணையே தெரியலையா?"

"கச்சேரிக்கு வந்தவன்மா நான்!"

"கச்சேரி கச்சேரின்னு அலைஞ்சுதானே எங்களை நடுத்தெருவுல விட்டீங்க!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. அபயாம்பாள். எடுக்காவிட்டால் சந்தேகம் வரும்.

"எங்க இருக்கேள்?"

"கண் டாக்டர்கிட்ட. சொட்டு மருந்து விட்டிருக்கா. ஒண்ணும் தெரியலை."

"அப்பா, அம்மாகிட்டயும் பொய்யா?" என்று வர்ஷினி போன் வரை எம்பிக் கத்தினாள்.

"யாரது, அப்பாங்கறது?"

"நர்ஸு."

"நர்ஸுக்கு நீங்க எப்படி அப்பா?"

வர்ஷினி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அம்மா, அப்பா இங்க ஆழ்வார்பேட்டை சபா மாடில மாட்டிக்கிட்டார். ஓடி வாங்க!"

தொலைந்தது மார்கழி. தப்பிக்கலாமென்றால் வர்ஷினி பிடித்த பிடி விடவில்லை. ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, மேடையின் பின்திரை விலகியது. அபயாம்பாள்! மயிலாப்பூர் மாடவீதிக் கோயிலிலிருந்து இத்தனை சீக்கிரமா? கோபத்துக்கு சிக்னல் கிடையாது போலிருக்கிறது.

இடுப்பில் கை வைத்தாள். "கண் டாக்டர் எங்க?"

வேதாந்தம் பரிதாபமாக ஷெல்டனைப் பார்த்தார். 'ஒத்துக்குங்க' என்று அவன் ஜாடை காட்டினான். ஒத்துக்கொண்டார். கண் டாக்டர் மட்டுமா? போன வருஷத்துப் பல் டாக்டர், கோபாலபுரத்தில் துக்கம் விசாரித்தது, ரேஷன் கடை வரிசை என்று எல்லாக் கச்சேரிகளையும் மூட்டை பிரித்துக் கொட்டிவிட்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"பாட்டு மேல் ஷட்ஜத்துல போய் நிக்கறப்போ உடம்பெல்லாம் சிலிர்க்கறது, அபயா. அப்போல்லாம் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்ப்பேன். அங்க யாரோ ஒரு மாமா தூங்கிண்டிருப்பார்."

அபயாம்பாள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். விளக்கு அணைந்தது. கைதட்டல் ஓய வெகுநேரமானது.

படியிறங்கும்போது வேதாந்தம் மெல்ல ஆரம்பித்தார். "சீசன்ல ஒரு பத்து கச்சேரியாவது..."

"பொய் சொல்றவாளைக் கண்டாலே எனக்கு ஆகாது. மூணு."

"ஏழு?"

"அஞ்சு. காலம்பற காப்பி நீங்கதான் போடணும்."

அபயாம்பாள் விலையில் இறங்குகிறாளா? வேதாந்தம் அசந்துபோய் நின்றார்.

மேலேயிருந்து டிக்கெட் கிழிக்கும் ஜொவிட்டா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அபயா ஆன்ட்டி! லேட்டா வந்தாலும் கலக்கிட்டீங்க! அடுத்த சனிக்கிழமையும் இந்த அங்கிளையே கூட்டிட்டு வாங்க. போன வாரம் உங்களுக்குப் புருஷனா வந்தவரைவிட இவரு ரொம்ப நேச்சுரல்!"