பரவலாரும் இரண்டு கப் டீயும்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. அவர்களுக்குக் கண் உண்டு, காது உண்டு, கருத்தும் வண்டி வண்டியாக உண்டு. சொன்னது யார் என்று கேட்டால் மட்டும் ஆளைக் காணோம். மழை வரும் என்பதிலிருந்து எதிர்வீட்டுக்காரர் பெண்டாட்டியோடு பேசி ஆறு மாதமாகிறது என்பதுவரை எதையும் இவர்கள் தம் பொறுப்பில் சொல்ல மாட்டார்கள். "சொல்லிக்கிறாங்க" என்பார்கள். "ஒரு பேச்சு அடிபடுது" என்பார்கள். கொஞ்சம் படித்தவராக இருந்தால், "பொதுவா அப்படி ஒரு அபிப்பிராயம் இருக்கு." யார் ஐயா அந்தப் பொது? எந்தத் தெருவில் குடியிருக்கிறார்? கேட்டுப் பாருங்கள், மேலே சுற்றும் மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பார்கள்.

இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த மாதிரி ஒருவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அலுவலகத்தில் ஹெட் கிளார்க்காக இருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் எல்லாரும் வைத்திருக்கும் பெயர் பரவலார். பெயர்க் காரணம் உங்களுக்கே விளங்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய ஆங்கிலக் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தவர் கண்ணில் 'இட் இஸ் வைட்லி பிலீவ்ட்' என்ற வாசகம் பட்டது. அடுத்த பக்கத்தில் 'ஜெனரலி ரிகார்டட்', அதற்கும் அடுத்ததில் 'காமன்லி ஃபெல்ட்'. அன்றைக்கு அவர் முகத்தில் வந்த மலர்ச்சி கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. என்ன சௌகரியம்! நம்பியது யார், கருதியது யார் என்று ஒருத்தரும் கேட்க முடியாது. ஆனால் உலகமே பின்னால் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. அன்றிலிருந்து பரவலாக நம்பப்படுகிறது, பொதுவாகக் கருதப்படுகிறது, பெரும்பாலும் உணரப்படுகிறது என்ற மூன்றையும் வைத்தே இருபத்தாறு வருஷ உத்தியோகத்தை ஓட்டிவிட்டார்.

சும்மா ஓட்டினாரா? ஒருநாள் லிஃப்ட்காரர் இவர் வருவதைக் கவனிக்காமல் கதவைச் சாத்திவிட்டார். லிஃப்ட்காரரைப் பற்றிய அந்த வருஷக் குறிப்பில், "இவர் ஒத்துழைக்காதவர் என்று ஊழியர்களிடையே பொதுவாகக் கருதப்படுகிறது" என்று ஏறியது. ஊழியர்கள் மொத்தம் நானூறு பேர். கருதியவர் ஒருவர். லிஃப்ட்காரரைச் சலவைக்கூடத்துக்கு மாற்றினார்கள். மூட்டை தூக்கிக்கொண்டு எதிரே வந்தவரிடம் பரவலார் உச்சுக்கொட்டி, "உங்களை மாத்தினது சரியில்லைன்னு பரவலா ஒரு எண்ணம் இருக்கு" என்று ஆறுதல் வேறு சொன்னார். வெட்கம் என்பது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கிற ரகம்.

வீட்டிலும் இதே கதைதான். சாப்பாட்டு மேஜையில் அவரும் மனைவியும் மட்டும்.

"குழம்புல உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கறதா ஒரு கருத்து இருக்கு."

"இருக்கறது நாம ரெண்டு பேரு. நான் சொல்லலை. பின்ன யாரு சொன்னா, அந்த ஃபிரிட்ஜா?"

அந்த அம்மாளுக்கு ஒருமுறை வயிற்றில் ஆபரேஷன். உள்ளே கொண்டுபோகும் முன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்குங்க" என்றார். பரவலார், "உன் மேல எல்லாருக்கும் அக்கறை இருக்கு" என்றார். "உங்களுக்கு?" என்று அந்த அம்மாள் கேட்டார். "எல்லாரும்னா நானும்தானே!" இதைக் கேட்டபிறகும் அவர் பிழைத்து வந்தது மருத்துவர்களின் திறமை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். சிரிக்க முடியாத ஒன்று போன வருஷம் நடந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் மருந்து ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒருத்தி இருந்தாள். பதினோரு வருஷத்தில் ஒரு குப்பி உடைந்ததில்லை, ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் வார்டுக்கு மருந்து எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் கெட்டிலும் கையுமாக வந்தார். அவர் அறையில் பிளக் பாயிண்ட் கருகிப் போயிருந்தது. அவர் பின்னாலேயே டீத்தூள் டப்பாவை ஏந்திக்கொண்டு பரவலார். "சாவியக் குடுத்துட்டுப் போம்மா, நானே பூட்டிக்கிறேன்" என்றார் கண்காணிப்பாளர். பெரியவர் கேட்டால் கொடுக்காமல் என்ன செய்வாள்? கொடுத்துவிட்டுப் போனாள்.

உள்ளே கண்காணிப்பாளர் தடுப்பூசி ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கெட்டிலைச் சொருகினார். இரண்டு கப் டீ தயாரானது. ஒன்று பரவலாருக்கு. இரண்டடி தூரத்தில் நின்று, பிடுங்கியதையும் பார்த்தார், மறுபடி சொருகாமல் பூட்டியதையும் பார்த்தார். 'சார், ஃபிரிட்ஜ்' என்று இரண்டே வார்த்தை. அது அவர் தொண்டைவரை வந்தது, டீயோடு உள்ளே போய்விட்டது. சாவி சாயங்காலம் அவள் மேஜைக்குத் திரும்பிவிட்டது; சனி, ஞாயிறு ஸ்டோர் திறப்பதில்லை. திங்கட்கிழமை காலையில் ஸ்டோரைத் திறந்தால் தரையெல்லாம் தண்ணீர். ஆயிரத்து அறுநூறு குழந்தைகளுக்கான மருந்து பாழ்.

விசாரணை வந்தது. சாவி தன்னிடம் வரவே இல்லை என்று கண்காணிப்பாளர் கூசாமல் சொல்லிவிட்டார். தலை உருள வேண்டியது அந்தப் பெண்ணுடையது என்றாகிவிட்டது. அவள் நேரே பரவலார் மேஜைக்கு வந்தாள்.

"சார், நீங்க உள்ள இருந்தீங்க. நான் பாத்தேன். நடந்ததை ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க சார்."

"உன் மேல தப்பு இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும்மா."

"எல்லாரும் வேண்டாம் சார். நீங்க ஒருத்தர் போதும்."

பரவலார் இளகித்தான் போனார். பொய் சொல்வானேன், அவரும் மனுஷர்தான். அவள் போனதும் வெள்ளைத்தாள் எடுத்து, 'நான்' என்று எழுதினார். பேனா நின்றது. அந்த ஒற்றைச் சொல் வேட்டியில்லாமல் நடுத்தெருவில் நிற்பதுபோல அவருக்குத் தோன்றியது. ஓய்வுபெற இரண்டு வருஷம்தான் இருக்கிறது என்ற நினைப்பு வந்தது. அந்தச் சமயம் பார்த்துக் கண்காணிப்பாளர் அந்தப் பக்கமாகப் போனார்.

"என்ன எழுதறீங்க?"

"ஒண்ணுமில்லை சார், சும்மா."

'நான்' கசக்கி எறியப்பட்டது. பார்த்தீர்களா, அவரைப் பற்றி எழுதினால் எனக்கே அந்த வியாதி தொற்றுகிறது. அவர்தான் கசக்கி எறிந்தார், அவர் கையால். பிறகு புதுத்தாளில் பூசி மெழுகினார்: "குளிர்பெட்டியின் மின்னிணைப்பு துண்டிக்கப்பட்டதாகப் பரவலாக நம்பப்படுகிறது. ஸ்டோர் பொறுப்பாளர் பெரும்பாலும் கவனமானவர் என்று பொதுவாகக் கருதப்படுகிறார்."

அவளுக்கு நல்லது செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டார். விசாரணை அதிகாரி ஒரு கண்ணாடி போட்ட அம்மாள். தாளைப் படித்துவிட்டு, 'பெரும்பாலும்' என்ற சொல்லின்கீழ் ஒரு கோடு போட்டார்.

"அப்ப மிச்ச நேரத்துல?"

பரவலார் மின்விசிறியைப் பார்த்தார்.

"நீங்க அன்னைக்கு ஸ்டோருக்குள்ள போனீங்களா?"

"ஊழியர்கள் அங்க அப்பப்போ போறது வழக்கம்னு..."

"போதும், போங்க" என்றார் அந்த அம்மாள்.

அந்தப் பெண்ணின் வேலை போயிற்று. கடைசி நாள் அவள் தன் குடையையும் சாப்பாட்டுப் பையையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குள் வந்தாள். டைப் சத்தம் நின்றது. பரவலார் கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவள் அழவில்லை, கத்தவுமில்லை.

"உங்களை நல்ல மனுஷன்னு நெனச்சேன் சார். வேற யாரும் அப்படி நெனைக்கலை. நான்தான் நெனச்சேன்."

அவ்வளவுதான், போய்விட்டாள். அன்று சாயங்காலம் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லையாமே? நீங்க அங்கதான் இருந்தீங்களாமே?" என்று கேட்டார். பரவலார் அந்த டீயைக் குடிக்கவில்லை. மறுநாள் ஆபீசில் அவருக்குக் கண்காணிப்பாளர் அறையிலிருந்து டீ வந்தது, அதைக் குடித்தார்.

நீங்கள் ஏன் இப்படித் தலையாட்டிச் சிரிக்கிறீர்கள்? உங்கள் ஆபீசிலும் இப்படி ஒருத்தர் இருக்கிறார் என்றா? இருப்பார். ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். உங்கள் ஆபீசில் செய்யாத தப்புக்கு ஒருத்தியை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டார்களே, அன்றைக்கு நீங்களும் அந்த அறையில் இருந்தீர்கள். வாயைத் திறக்கவில்லை. பிறகு மாடிப்படியில் அவளைத் தனியாகப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "உங்க மேல தப்பு இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றீர்கள். அப்போது உங்கள் கையில் டீ கப் இருந்ததா என்பது மட்டும்தான் எனக்குத் தெரியவில்லை.